பிள்ளையின் பள்ளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? புதிதாக வரும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாதம் மூன்றரை மணி நேரம். அதில் ஒன்றரை மணி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு. மீதி இரண்டு மணி நீங்கள் ஏற்றுக்கொண்ட ஒரே ஒரு வேலைக்கு. ஆண்டில் பத்து மாதம் என்று வைத்தால் 35 மணி நேரம் ஆகிறது. முதல் ஆண்டில் அதற்கு மேல் போகாதீர்கள். ஆர்வம் மிகுதியாக இருப்பவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் வீட்டில் தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவள். லைனிங் வைத்த ரவிக்கை ஒன்று தைக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இரண்டு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். முதல் நான்கு மாதங்கள் வாரத்துக்கு மூன்று நாள் பள்ளியிலேயே இருந்தேன். வீட்டில் துணிகள் தேங்கின. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாம் மாதம் கூட்டத்துக்குக்கூடப் போக முடியவில்லை. அந்த மாதம்தான் சத்துணவுக் கூடத்தின் ஓடு சரிந்தது. கையெழுத்துக்கும் அலைச்சலுக்கும் ஆள் இல்லாமல் தலைமையாசிரியர் தனியாக நின்றார். ஓராண்டு முழுவதும் தாங்கக்கூடிய அளவை முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று அப்போது புரிந்தது.

முதல் படி: எந்த வாசல் வழியாக உள்ளே போவது

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் பெற்றோருக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் கழகம் பழையது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதன் வினா வங்கிப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். மற்றொன்று பள்ளி மேலாண்மைக் குழு. குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு இந்தக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களுடைய அளவுக்கேற்ற இடம் இருக்க வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை குழுவின் பணிகள் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

2022-இல் மாநிலம் முழுவதும் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. ஒரு தாய்தான் தலைவி. பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். 2024-இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 4.30 வரை கூட்டம் என்பது 2022-இல் வந்த முறை. எங்கள் பள்ளியில் சில மாதங்களில் நாள் மாறியது. ஆகவே தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டு நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவாக உள்ளவர்கள் இரண்டில் ஒன்றில் இருந்தால் போதும். என்னைக் கேட்டால் மேலாண்மைக் குழுவைத்தான் சொல்வேன். அங்கே எழுதப்படும் தீர்மானத்துக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது. உறுப்பினராக இடம் கிடைக்கவில்லை என்றாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவற்றை எந்தப் பெற்றோரும் குழுவிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம்.

அரசு நிதி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆம் பிரிவு பொருந்தாது. அங்கே நிர்வாகம் அழைக்கும் பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் போவதும், கட்டணம், பேருந்துப் பாதுகாப்பு பற்றிய கேள்விகளை நான்கு பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேட்பதும் போதும். விழாவுக்குத் தோரணம் கட்ட ஆள் கேட்டால் வசதிப்பட்டால் போங்கள்.

இரண்டாம் படி: முதல் இரண்டு மாதம் எதையும் ஏற்காதீர்கள்

பார்க்க மட்டும் செய்யுங்கள். காலை மணி அடிக்கும் நேரத்தில் ஒரு நாள், மதிய உணவு நேரத்தில் ஒரு நாள், மாலை பள்ளி விடும் நேரத்தில் ஒரு நாள் போய் நில்லுங்கள். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போக வேண்டும். தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா, பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, பள்ளி விட்ட பிறகு எந்தப் பிள்ளை அழைத்துப் போக ஆளில்லாமல் நிற்கிறது, காலை உணவு எத்தனை மணிக்குப் பரிமாறப்படுகிறது என்று ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பல இடங்களில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். மாதம் ஒரு நாள் நீங்களும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். உப்பு கூட, குறைய என்று சொல்லிவிட்டு வருவதும் தொண்டுதான்.

இரண்டாவது கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் எவ்வளவு வந்திருக்கிறது? சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அந்தத் தொகை மாறும். முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், நூறு வரை 25,000, இருநூற்றைம்பது வரை 50,000, ஆயிரம் வரை 75,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செலவாக வேண்டும். 2024-25-இல் அந்தத் திட்ட நிதி தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. ஆகவே ‘வரவில்லை’ என்ற பதில் உண்மையாகவும் இருக்கலாம். தலைமையாசிரியரைச் சந்தேகப்படுவது போலக் கேட்க வேண்டாம். பெற்றோர் கணக்கு கேட்பது வழக்கமாகிவிட்ட பள்ளியில் அந்தக் கேள்வியில் யாருக்கும் மனம் நோகாது.

மூன்றாம் படி: ஒரே ஒரு வேலை, உங்கள் கைக்கு வந்த வேலை

இப்போது ஒரு வேலையை ஏற்கலாம். எனக்குத் தைக்கத் தெரியும். சீருடையில் பொத்தான் போனவை, தையல் விட்டவை, இடுப்புப் பெரிதாக இருப்பவை என மாதத்தில் ஒரு பிற்பகல் பள்ளி மரத்தடியில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் இருபது சட்டை முடிந்தது. கிழிந்த சட்டைக்கு வெட்கப்பட்டு வராமல் இருந்த ஒரு பையன் அடுத்த வாரமே வந்தான். வேறொரு தகப்பனார் மின் வேலை செய்பவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்விசிறி, ஸ்விட்ச் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவார். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மதிய உணவுக்குப் பின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரை மணி கதை சொல்வார். எங்கள் குழுவில் நடந்த வேலைகளில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

வேறு எதுவும் தோன்றவில்லை என்றால் வராத பிள்ளையைத் தேடிப் போகும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வராதவர்களின் பெயர்களை வகுப்பாசிரியர் சொல்வார். அந்த வீட்டுக்கு ஆசிரியர் போனால் அதிகாரி வந்தது போல இருக்கும். பக்கத்துத் தெரு அக்கா போனால் வாசலில் உட்காரச் சொல்வார்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார்களா, தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்களா, பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று நிறுத்திவிட்டார்களா என்பதெல்லாம் அந்த வாசலில்தான் தெரியவரும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் திரும்பப் பள்ளிக்குக் கொண்டுவர நான் மூன்று முறை அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். மூன்றாம் முறை அவள் அம்மா காபி கொடுத்தார். மறுநாள் அவள் வந்தாள்.

தினமும் பாடம் சொல்லித்தர வாருங்கள் என்று யாராவது கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது மாலை நேரத்தில் பாடம் சொன்ன தன்னார்வலர்களுக்கு அரசே மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. அந்தத் தொகை குறைவு என்பது என் எண்ணம். ஆனால் தினமும் வருபவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டது. தினமும் நேரம் கேட்பது வேலை. வேலைக்குச் சம்பளம் உண்டு. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அந்த இடத்தில் தாய்மார்களை உட்கார வைத்து ஆண்டை ஓட்டக் கூடாது. ‘ஆசிரியர் வேண்டும்’ என்று தீர்மானம் எழுத வேண்டும்.

நான்காம் படி: செய்யக் கூடாத வேலைகள்

எங்கள் பள்ளியில் கழிப்பறை நாறியது. நானும் இன்னும் இரண்டு தாய்மாரும் வாரம் இருமுறை பினாயில் வாங்கிக் கழுவினோம். இரண்டு மாதம் அப்படியே போனது. தலைமையாசிரியர் நன்றி சொன்னார். ஒரு கூட்டத்தில் கைதட்டினார்கள். தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு ஏழு மாதமாகக் கூலி வரவில்லை என்பதும், அதனால்தான் அவர் வருவதை நிறுத்தினார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் கழுவியதால் கழிப்பறை சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் அவர் கூலி எட்டாம் மாதமும் வரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஏழைப் பெண்ணின் பிழைப்பின் மேல் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த கூட்டத்தில் மூவரும் கழுவுவதை நிறுத்துகிறோம் என்று சொல்லி, கூலி பாக்கியைத் தீர்மானமாக எழுத வைத்தோம். அந்தத் தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போனோம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் எங்கள் குழுத் தலைவி எழுந்து படித்தார். பாக்கி இரண்டு தவணையில் வந்தது. அந்த அம்மா மீண்டும் வேலைக்கு வந்தார். எங்களுக்கு மொத்தம் செலவான நேரம் நான்கு மணி.

எந்த வேலையை ஏற்பதற்கு முன்பும் இது யாருடைய சம்பள வேலை என்று கேளுங்கள். சம்பளத்துக்கு ஆள் இருக்க வேண்டிய வேலை என்றால் அதை உங்கள் கையால் செய்யாதீர்கள். அந்த ஆள் வரும்வரை கேளுங்கள். கொடுப்பது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. 1958 முதல், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் பெஞ்சு, கடிகாரம், நிலம், கட்டடம் என்று கையில் இருந்ததைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். இன்றும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற பெயரில் 2022 டிசம்பர் முதல் நன்கொடை வாங்குகிறார்கள். வெளியூர் போன பழைய மாணவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் ஊருக்குள்ளே, மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் சம்பாதிக்கும் தாய்மாரிடம் பள்ளிக்கு வேண்டியது பொருளல்ல. சட்டம் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து உரக்கக் கேட்கும் ஆள்தான் வேண்டும்.

வேலையைப் பிரிக்கும்போது யாருக்கு எந்த வேலை போகிறது என்று கவனியுங்கள். காலனித் தெரு அம்மாக்களைப் பெருக்கக் கூப்பிட்டுவிட்டு, மற்றத் தெரு அம்மாக்களை விழா மேடையில் உட்கார வைக்கும் பழக்கத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். யாரும் வாய் திறந்து சொல்லிச் செய்வதில்லை, தானாக நடந்துவிடுகிறது. நாங்கள் வேலைகளைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டோம். முதல் மாதம் முகங்கள் சுளித்தன. இருவர் வரவே இல்லை. ஆனாலும் சீட்டை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நான் அந்தக் குழுவில் இருந்திருக்க மாட்டேன்.

எழுதாத தாளில் கையெழுத்திடாதீர்கள். தீர்மானப் பதிவேட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு உடன்படாதீர்கள். கூட்டத்தில் உட்கார்ந்து, படித்துக் காட்டச் சொல்லி, பிறகு போடுங்கள். தீர்மானங்களைக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் பதிவு செய்கிறார்கள். பதிவானதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

வெளியாட்களைப் பள்ளிக்குள் அழைத்து வரும் வேலையும் வேண்டாம். தெரிந்தவர், நன்றாகப் பேசுவார், இலவசமாகப் பயிற்சி கொடுப்பார் என்று ஒருவரை நாம் அழைத்து வரலாம். அவர் என்ன பேசுவார், யார் என்று நமக்கே தெரியாது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளுக்குக் கொடுமை செய்தது வெளியே வந்ததை எந்தத் தாயாலும் மறக்க முடியாது. துறையின் அனுமதி எழுத்தில் இருந்தால் மட்டும் சரி என்று குழுவில் சொல்லுங்கள். நீங்களும் ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். பள்ளிச் சுவரில் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 என்ற இரண்டு எண்களும் பிள்ளைகளின் கண் மட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரியவர்கள் கண் உயரத்தில் எழுதியிருந்தால் கீழே இன்னொரு முறை எழுத வையுங்கள். ஒரு டப்பா பெயின்ட் போதும்.

ஐந்தாம் படி: உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்

நான் அடிக்கடி பள்ளிக்குப் போன மாதங்களில் மகள் ஒரு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். “அம்மா, நீ என் வகுப்புப் பக்கம் வராதே. நீ வந்தால் டீச்சர் என்னை மட்டும் கேள்வி கேட்பதில்லை” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆசிரியர் அவளை விட்டுவைத்தது என் முகத்துக்காக. தோழிகள் அவளிடம் பேசுவதைக் குறைத்ததும் அதனால்தான்.

ஆகவே சொந்தப் பிள்ளையின் வகுப்பில் வேலை எடுக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை உங்களைப் பள்ளியில் பார்த்தால் துள்ளும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலையைக் குனியும். இரண்டும் இயல்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சோறு போடும்போது, பள்ளியில் நான் இருப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பிள்ளையின் மதிப்பெண், குறைகள் பற்றிப் பேச வேண்டுமானால் அதற்குத் தனியாக நேரம் வாங்கிப் பெற்றோராகப் போங்கள். குழு வேலைக்குப் போன நாளில் அதைப் பேச வேண்டாம். ஆசிரியர் மறுக்க முடியாத நிலைக்கு வந்துவிடுவார்.

ஆறாம் படி: வர முடியாதவர்களுக்கு

பிற்பகல் 3 மணிக் கூட்டத்துக்கு வர ஒரு களையெடுக்கும் பெண் அரை நாள் கூலியை இழக்க வேண்டும். அவரிடம் மாதம் மூன்றரை மணி கேட்பது அநியாயம். ஆண்டுக்கு இரண்டு கூட்டம் வந்தால் போதும் என்று நாங்கள் சொன்னோம். மற்ற மாதங்களில் கூட்டத்துக்கு முன் தெருவுக்கு ஒருவர் போய், உங்கள் பிள்ளை விஷயமாக ஏதாவது கேட்க வேண்டுமா என்று விசாரித்து எழுதிவந்தோம். தெருக் குழாயடியில் பத்து நிமிடம் போதும். அப்படி வந்ததில்தான் பள்ளிக்குப் பின்புறம் மூடாத கிணறு ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. வர முடியாத பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று கூட்டத்தில் யாராவது பேசினால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதால் இது பெண்கள் வேலை என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு மனு கொண்டுபோவது, கட்டட வேலை நடக்கும்போது சிமென்ட் மூட்டை எண்ணுவது, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவும் ஆளோடு நிற்பது ஆகியவற்றுக்கு மாதம் இரண்டு மணி உங்களாலும் முடியும்.

தலைவியாக இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு இரட்டிப்பு நேரம் ஆகும். அதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் பேசிவிட்டு, பிறகு பொறுப்பை ஏற்க வேண்டும்.

கடைசிப் படி: விட்டுவிட்டுப் போகும்போது

இரண்டு ஆண்டு முடிந்ததும் குழு மாறும். உங்கள் குறிப்பேட்டை அடுத்து வருபவரிடம் கொடுங்கள். எந்தத் தீர்மானம் எந்தத் தேதியில் எழுதியது, யாரிடம் போனது, என்ன பதில் வந்தது, எது இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று கடைசி நான்கு பக்கங்களில் எழுதிக் கொடுத்தால் அவருக்கு ஆறு மாத அலைச்சல் மிச்சம். நான் கொடுத்த குறிப்பேட்டில் நிலுவை என்று மூன்று வரிகள் இருந்தன: கிணற்றுக்கு இரும்பு வலை, ஆறாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியர், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு இரண்டாவது தாழ்ப்பாள். சென்ற மாதம் சீருடை தைக்கப் போனபோது புதிய உறுப்பினர் முதல் வரியை அடித்துக் காட்டினார்.